பக்கத்து வீட்டுப் பையனுக்கு எத்தனை மார்க்?

(‘சின்னப் பிள்ளைகள் மனத்தில் பொறாமையை வளர்ப்பது வீடா? பள்ளியா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘வீடே’ என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பள்ளிக்கூடத்தைக் கூண்டிலே ஏற்றி நிறுத்தியிருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கத்திலே கூடியிருக்கிற பெரியோர்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே ஒரு பிள்ளையை மடியிலும், இன்னொரு பிள்ளையைக் கண்டிப்பிலும் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னாலே பேசின நண்பர் என்ன சொன்னார்? "அடுத்து வர்ற அம்மா ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு வக்காலத்து வாங்கத்தான் வந்திருக்காங்க"ன்னு ஒரு போடு போட்டுட்டு உட்கார்ந்தார். ஐயா, நான் டீச்சர்தான். மூணாம் வகுப்பு எடுக்கிறேன். ஆனா சாயங்காலம் நாலரை மணிக்குப் பஸ் ஏறிட்டா நான் டீச்சர் இல்லை, ரெண்டு பிள்ளைக்கு அம்மா. இந்த வழக்கிலே வாதியும் நானே, பிரதிவாதியும் நானே. இன்னைக்கு நான் குற்றம் சொல்லப் போறது முதல்லே என் வீட்டைத்தான். (சிரிப்பு)

பொறாமைன்னா என்ன? பொறுத்தல்னு ஒரு சொல் இருக்கு. அதுக்கு எதிரானது பொறாமை. அதாவது பொறுக்க மாட்டாமை. வள்ளுவர் இதை அழுக்காறுன்னு சொல்லி, அழுக்காறாமைன்னு ஒரு அதிகாரமே, பத்துக் குறள் எழுதி வச்சிருக்கார். சரி, அது பெரியவங்களுக்குன்னு வச்சுக்குவோம். சின்னப் பிள்ளைக்கு? ஆத்திசூடி படிக்கிற குழந்தை உயிரெழுத்திலே கடைசி எழுத்து ‘ஔ’வுக்கு வருது. அந்த எழுத்துக்கு ஔவையார் எடுத்துக் கொடுக்கிற சொல் ஔவியம். ஔவியம்னா பொறாமைன்னுதான் பொருள். ஏன் அந்தப் பாட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசிலேயே இதைச் சொல்லி வைக்கிறாங்க? அந்த வயசிலேயே அது வந்துடுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு!

ஆனா நடுவர் அவர்களே, பொறாமைங்கிற ஒரே சொல்லாலே நாம ரெண்டு சங்கதியைச் சொல்லிக்கிட்டிருக்கோம். ‘அவன்கிட்டே இருக்கு, என்கிட்டே இல்லையே’ன்னு ஒரு ஏக்கம். பக்கத்துப் பையன் காந்தம் வச்ச பென்சில் பாக்ஸ் கொண்டாந்தா வருதே, அது. இன்னொண்ணு, ‘என்கிட்டே இருக்கிறதை இவன் பிடுங்கிக்குவானோ’ங்கிற பயம். அம்மா மடியிலே தம்பி உட்கார்ந்தா வருதே, அது. முதல்லே சொன்னது சாமானைப் பத்தினது. ரெண்டாவது பாசத்தைப் பத்தினது. வெளியிலே பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்: கிள்ளுறது, கிழிக்கிறது, கோள் சொல்றது, அழுகிறது. காய்ச்சல் ஒண்ணு மாதிரி இருந்தாலும் காரணம் பார்த்துத்தானே வைத்தியர் மருந்து கொடுக்கிறார்?

இந்த ரெண்டாவது பயம் எத்தனை வயசிலே வருது? 2002-இலே அமெரிக்காவிலே ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆறு மாசக் குழந்தைகளை வச்சுச் செய்தாங்க. ஆறு மாசம்! இன்னும் சரியா உட்காரக்கூடத் தெரியாது. அம்மா குழந்தையைக் கவனிக்காம ஒரு புத்தகத்தைப் பார்த்துப் படிக்கணும். குழந்தை ஓரளவு பொறுத்துக்குது. அப்புறம் அதே அம்மா, நிஜக் குழந்தை மாதிரியே இருக்கிற ஒரு பொம்மையைத் தூக்கி வச்சுக் கொஞ்சணும். இப்போ குழந்தைக்கு முகம் சுருங்குது, சிணுங்குது. புத்தகத்தைப் பொறுத்துக்கிட்ட குழந்தை பொம்மையைப் பொறுக்கலை! எதிரணித் தலைவர் சொல்லட்டும், அந்தக் குழந்தைக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலே, எந்த வாத்தியார் பொறாமையைச் சொல்லிக் கொடுத்தார்? (கைதட்டல்)

குழந்தையை விடுங்க, குரங்கைப் பாருங்க. 2003-இலே சாரா பிராஸ்னன், ஃபிரான்ஸ் டி வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கப்புச்சின்னு ஒரு வகைக் குரங்கை வச்சுச் செய்த சோதனை. குரங்கு ஒரு சின்னக் கல்லைக் கொடுத்தா, பதிலுக்கு ஒரு துண்டு வெள்ளரிக்காய். சந்தோஷமாச் சாப்பிட்டுது. பக்கத்திலே இருக்கிற குரங்குக்கு அதே கல்லுக்குத் திராட்சை கொடுத்தாங்க. அவ்வளவுதான்! அதுவரைக்கும் இனிச்ச வெள்ளரிக்காய் கசந்து போச்சு. பல தடவை வாங்கவே மாட்டேன்னுடுச்சு, சில தடவை வாங்கித் தூக்கி எறிஞ்சுது.

இதை ஏன் சொல்றேன்னா, பொறாமை வர்றது பாவம்னு பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க. பசி வர்ற மாதிரி அது வரும். பசி வந்ததுக்காக யாரையும் திட்டறோமா? பக்கத்து இலையிலே கை வச்சாத்தான் திட்டறோம். பொறாமை வருதா இல்லையாங்கிறது இல்லை கேள்வி. வந்த பொறாமைக்குத் தீனி போட்டு வளர்க்கிறது யாரு? அங்கேதான் வீடு மாட்டிக்குது.

ரெண்டாவது குழந்தை பிறந்த வீட்டை நினைச்சுப் பாருங்க. நாலு வயசு அக்கா வாசல்லே நிக்கறா. பார்க்க வர்ற சொந்தக்காரங்க சும்மா வர்றாங்களா? கையிலே ஆர்லிக்ஸ், வாயிலே ஒரு கேள்வி. "என்னடி, தம்பி வந்துட்டான், இனிமே உன்னை யாரு தூக்குவா? உங்கம்மா இனி அவனுக்குத்தான்!" சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க. பெரியவங்களுக்கு அது கேலி. அந்தக் குழந்தைக்கு அது செய்தி. அதுவும் வீட்டுக்கு வர்ற அத்தனை பேரும் ஒரே செய்தியைச் சொன்னா நம்பாம என்ன செய்யும்? ராத்திரி தொட்டில் பக்கம் போய்த் தம்பியை நறுக்குன்னு கிள்ளுது. உடனே நாம என்ன சொல்றோம்? "பாரு, பிறந்த குழந்தையைப் போய்க் கிள்றாளே, எவ்வளவு பொறாமை!" பட்டாசைக் கொளுத்திப் போட்டவங்க பிஸ்கட் தின்னுட்டுப் போயிட்டாங்க. வெடிச்ச பழி குழந்தை மேலே.

இங்கே ஒரு அம்மா என்ன செய்யலாம்? முதல்லே அந்தக் கேலியை நிறுத்தணும். "அத்தை, அப்படிச் சொல்லாதீங்க, அவ நிஜம்னு நினைச்சுக்குவா"ன்னு எல்லார் முன்னாலேயும் சொல்லிடணும். அத்தைக்குக் கொஞ்சம் கோபம் வரும், வரட்டும். அத்தைக்கு வயசாச்சு, தாங்கிக்குவாங்க. நாலு வயசுக் குழந்தை தாங்காது. அடுத்தது, தம்பி தூங்குற நேரத்திலே பத்து நிமிஷம், பத்தே நிமிஷம், பெரியவளுக்கு மட்டும்னு ஒதுக்கணும். அந்தப் பத்து நிமிஷத்திலே போன் எடுக்கக் கூடாது, தம்பி பேச்சும் வரக் கூடாது. அப்புறம் இந்த "நீ பெரியவ, விட்டுக்கொடு"ங்கிற வசனம். ஒரு தடவை சொல்லலாம், ரெண்டு தடவை சொல்லலாம். பத்துத் தடவை சொன்னா ‘பெரியவளாப் பிறந்ததுதான் நான் செய்த தப்பு’ன்னு அவ முடிவு பண்ணிடுவா. சில நேரம் சின்னவன்கிட்டேயும் சொல்லணும்: "இது அக்காவோடது, கேட்டுட்டுத்தான் எடுக்கணும்." நான் சொல்றேன், அடுத்தவங்களை மதிக்கிறதுக்கு முதல் பாடமே அந்தக் ‘கேட்டுட்டு’தான்.

ரெண்டு பிள்ளைக்கும் எல்லாத்தையும் தராசு வச்சுச் சமமாக் கொடுக்கணும்னு சில பேர் பாடுபடறாங்க. அது நடக்கிற காரியமில்லை. கடைசியிலே டம்ளர்லே பாயசத்தை அளந்துக்கிட்டுத்தான் நிக்கணும். அண்ணனுக்குச் செருப்பு பிஞ்சா அண்ணனுக்கு மட்டும்தான் செருப்பு. "உனக்குப் பிஞ்சா உனக்கு வரும்"னு சொன்னாப் பிள்ளைக்குப் புரியும். யாருக்குத் தேவையோ அவங்களுக்குக் கிடைக்கும், என் முறையும் வரும்ங்கிற நம்பிக்கை இருந்தாப் போதும்.

எதிரணியிலே ஒரு சகோதரி ரொம்ப அழகா, பழநி கதையைச் சொன்னாங்க. மாம்பழத்துக்காக அண்ணனும் தம்பியும் போட்டி போட்டாங்க, தம்பி கோவிச்சுக்கிட்டு மலையேறிட்டார், ஆகவே பொறாமை பிறவிக்குணம்னாங்க. அம்மா, நீங்க சொன்ன கதை எங்க கட்சிக்குத்தான் சாட்சி! பழம் ஒண்ணு, பிள்ளை ரெண்டு. உலகத்தைச் சுத்தி வர்றவனுக்குத்தான் பழம்னு போட்டி வச்சது பள்ளிக்கூடமா? பெத்தவங்க! கைலாசத்திலே, வீட்டுக்குள்ளே! அதுவும் எப்படிப்பட்ட போட்டி? ஒருத்தருக்கு வாகனம் மயில், இன்னொருத்தருக்கு மூஞ்சூறு. ‘திருவிளையாடல்’ படம் 1965-இலே வந்தது, அதிலே ஆரம்பமே இந்தக் கதைதான். இன்னைக்கும் தொலைக்காட்சியிலே போட்டா வீட்டிலே எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிறோம். அப்பவும் ‘ஏன் போட்டி வச்சாங்க’ன்னு நமக்குக் கேட்கத் தோணறதில்லை. யாரு ஜெயிச்சாங்கன்னுதான் பார்க்கிறோம். ஐயா, மயில் மேலே ஏறி உலகத்தையே சுத்தி வந்தானே ஒரு பிள்ளை, களைச்சுப் போய் வந்தவன்கிட்டே "அப்பாடா, எவ்வளவு தூரம் போயிட்டு வந்தே!"ன்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா அவன் எதுக்குப் பழநிக்குப் போறான்? (கைதட்டல்) கடவுளைக் குறை சொல்றதா நினைக்க வேண்டாம். நமக்குப் புத்தி வர்றதுக்குத்தானே அவங்க விளையாடிக் காட்டறாங்க!

விவிலியத்திலேயும் இதே சங்கதிதான். யாக்கோபுக்குப் பன்னிரண்டு ஆண் பிள்ளைகள். யோசேப்புக்கு மட்டும் ஒரு அழகான அங்கியைச் செய்து போட்டார். மத்தவங்க வயிறு எரிஞ்சுது. எரிஞ்சு எங்கே கொண்டுபோய் விட்டுது? கூடப் பிறந்தவனையே குழியிலே தள்ளி, இருபது வெள்ளிக்காசுக்கு வித்துட்டாங்க. அங்கியைத் தைச்ச கை அப்பா கை.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ரேங்க், ரேங்க்னு எதிரணியினர் முழங்கினாங்க. 2017-இலே தமிழ்நாட்டிலே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலே மாநில முதலிடம், இரண்டாமிடம்னு அறிவிக்கிறதையே அரசு நிறுத்திடுச்சு. நிறுத்தினதும் வீட்டிலே என்ன நடந்தது? அம்மாக்களே ரேங்க் போட ஆரம்பிச்சுட்டாங்க! பிள்ளை பரீட்சைப் பேப்பரைக் கொண்டாந்து நீட்டுது. இருபத்தஞ்சுக்கு இருபத்திரண்டு. நாம என்ன கேட்கிறோம்? "எந்தக் கணக்கு தப்பாப் போச்சு?"ன்னா? இல்லை. "பக்கத்து வீட்டுப் பையனுக்கு எத்தனை?" அவன் இருபத்துமூணுன்னா இந்த இருபத்திரண்டு செத்துது. அவன் இருபதுன்னா இதுக்குப் பாயசம். அதே இருபத்திரண்டுதானே ஐயா! இப்போ வகுப்புக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப் வேறே. பிள்ளை வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலே அடுத்த பிள்ளை மார்க் வந்து உட்கார்ந்திருக்கு.

பிள்ளைகள் மனசை ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க, ஏழெட்டு வயசு வரைக்கும் குழந்தைகள் அடுத்தவனைப் பார்த்துத் தன்னை எடை போடறது ரொம்பக் குறைவு. உங்க வீட்டு யுகேஜி குழந்தையைப் பாருங்க. ஓட்டப்பந்தயத்திலே கடைசியிலே வந்து, "அம்மா, நான் எவ்வளவு வேகமா ஓடினேன் பார்த்தியா!"ன்னு குதிக்கும். அது பொய் சொல்லலை. ‘நான் ஓடினேன்’ங்கிறதுதான் அதுக்குத் தெரியும். ‘எத்தனையாவதா ஓடினேன்’ங்கிறது நாம கத்துக் கொடுத்தது.

இப்போ என் வகுப்பிலே நடந்த ஒண்ணைச் சொல்றேன். பேர் வேண்டாம். ரெண்டு பசங்க, ஒரே காம்பவுண்டிலே குடியிருக்கிறவங்க. ஒருத்தனுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அவன் நோட்டை நான் ஒரு நாள் வகுப்பு பூரா தூக்கிக் காட்டிப் பாராட்டிட்டேன். (எதிரணியினர் குறிச்சுக்கறாங்க, குறிச்சுக்கங்க. அது என் தப்புத்தான்.) மறுநாள் பார்த்தா அந்த நோட்டு நாலாக் கிழிஞ்சு கிடக்கு. கிழிச்சது அடுத்தவன்.

வகுப்பிலே வச்சுக் கேட்டா அவனுக்கு அவமானம், எனக்கும் உண்மை கிடைக்காது. சாப்பாட்டு மணி அடிச்சப்புறம் தனியாக் கூப்பிட்டேன். "ஏன் கிழிச்சே?"ன்னு கேட்டா எட்டு வயசுப் பிள்ளை தலையைத்தான் குனியும். அதுக்கே ஏன்னு தெரியாது. "நேத்துச் சாயங்காலத்திலிருந்து என்னென்ன நடந்துச்சு, வரிசையாச் சொல்லு"ன்னேன். சொன்னான். பள்ளி விட்டுப் போனது, இவங்கம்மா அந்த நோட்டு சமாச்சாரத்தைக் கேள்விப்பட்டது, ராத்திரிச் சாப்பாட்டிலே அதே பேச்சு, அப்பா வந்ததும் மறுபடி அதே பேச்சு. கடைசியா ஒண்ணு சொன்னான் நடுவர் அவர்களே. "டீச்சர், அந்த நோட்டு இல்லைன்னா எங்கம்மா அவனைப் பத்திப் பேச மாட்டாங்கள்ல?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. அவனுக்கு நோட்டு மேலே கோபமில்லை. அந்தப் பையன் மேலேயும் கோபமில்லை. அவனுக்கு அவங்கம்மா வேணும். அவ்வளவுதான்.

"உனக்கு ஆத்திரம் வந்தது தப்பில்லை. எனக்கே வரும். ஆனா கிழிச்சது தப்பு. அடுத்தவங்க சாமான்லே கை வைக்கக் கூடாது"ன்னு ரெண்டையும் பிரிச்சுச் சொன்னேன். பிரிச்சுச் சொல்லணும். சேர்த்துச் சொன்னா, ‘நான் கெட்டவன்’னு எடுத்துக்கும். "சாரி சொல்லு, சாரி சொல்லு"ன்னு கழுத்தைப் பிடிக்கலை. அப்படி வாங்கின சாரியிலே மன்னிப்பு இருக்காது, முணுமுணுப்புத்தான் இருக்கும். ஒரு செலோடேப்பைக் கொடுத்து, "ஒட்டிக் கொடு"ன்னு உட்கார வச்சேன். நோட்டுக்காரனும் அழுதுக்கிட்டிருந்தான், அவனை நாம பொதுவா மறந்துடறோம். தப்பு செய்தவனை விசாரிக்கிறதிலே, பறிகொடுத்தவனை யாரும் கேட்கிறதில்லை. "உனக்கு என்ன செய்யணும் சொல்லு"ன்னு கேட்டேன். "இனிமே என் நோட்டு வேணும்னா என்கிட்டே கேட்கணும் டீச்சர்"ன்னான். இதைவிட மரியாதைக்கு என்ன விளக்கம் எழுத முடியும்? ரெண்டு பேருமா உட்கார்ந்து ஒட்டினாங்க. மூணாம் நாள் கிழிச்சவன் தானாவே ஒரு வாசனை ரப்பரைக் கொண்டாந்து அவன் டெஸ்க்லே வச்சுட்டுப் போனான். ஒண்ணும் பேசலை. அதுதான் அவன் சாரி.

அந்தம்மாவை வரச் சொன்னேன். நல்லவங்க. கண் கலங்கிட்டாங்க. "அவன் நல்லாப் படிக்கணும்னுதானே டீச்சர் சொன்னேன்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே சொல்றாங்க, "எங்க மாமியார் தினமும் எங்க ஓரகத்தியைச் சொல்லித்தான் என்னைப் பேசுவாங்க. அவங்க வச்ச ரசம், அவங்க மடிச்ச துணி... எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வரும். அதையேதான் நான் என் பையனுக்குச் செய்திருக்கேன், இல்லையா?" இதை நான் சொல்லிக் கொடுக்கலை. அவங்களே கண்டுபிடிச்சாங்க. அடுத்தவங்களோட ஒப்பிட்டதாலே ஓரகத்தி மேலே பாசம் வந்த மருமகளை யாராவது பார்த்திருக்கீங்களா? (சிரிப்பு) பெரியவங்களுக்கே வராத பாசம் பிள்ளைக்கு எப்படி வரும்?

அப்போ பாராட்டவே கூடாதான்னு கேட்பீங்க. பாராட்டணும். எதைப் பாராட்டறோம்ங்கிறதிலேதான் விஷயம். 1998-இலே கிளாடியா முல்லர், கரோல் டுவெக்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வு. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள். புதிர் போட்டு முடிச்சதும் சிலரை "நீ கெட்டிக்காரன்"னு பாராட்டினாங்க. சிலரை "நல்லா முயற்சி பண்ணினே"ன்னு பாராட்டினாங்க. அப்புறம், "இந்தப் புதிரைப் போட இன்னொரு வழி தெரிஞ்சுக்கறியா, இல்லே மத்தவங்க எத்தனை வாங்கினாங்கன்னு தெரிஞ்சுக்கறியா?"ன்னா, கெட்டிக்காரன்னு பேர் வாங்கினவங்க பெரும்பாலும் அடுத்தவன் மார்க்கைத்தான் கேட்டாங்க. முயற்சிக்குப் பாராட்டு வாங்கினவங்க வழியைக் கேட்டாங்க. ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம்! ‘கெட்டிக்காரன்’ங்கிறது ஒரு நாற்காலி. உட்கார வச்சுட்டா, யாரு தள்ளி விடுவாங்களோன்னு சுத்திச் சுத்திப் பார்த்துக்கிட்டே இருக்கணும். அதனாலே பேப்பர் வந்தா, "போன தடவை கழித்தல்லே தடுமாறினே, இந்தத் தடவை சரியா வந்திருக்கே, எப்படிப் போட்டே?"ன்னு கேளுங்க. அவன் நேத்தைக்கு எப்படி இருந்தான், இன்னைக்கு எப்படி இருக்கான், அந்த ஒப்பீடு போதும்.

மரியாதைக்கு வர்றேன், மணி அடிக்கிறதுக்குள்ளே. சீருடை எதுக்கு? பட்டுச் சட்டைக்காரன், கிழிசல் சட்டைக்காரன்னு வகுப்பிலே வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு. சத்துணவு? ஒரே வரிசையிலே உட்கார்ந்து சாப்பிடணும்னு. பள்ளிக்கூடம் அவ்வளவாவது செய்திருக்கு. வீட்டிலே? என் வகுப்பிலே ஒரு பெண் குழந்தை, பக்கத்திலே இருந்த பையன் தண்ணி கேட்டப்போ, "என் பாட்டில்லே குடிக்கக் கூடாது, உனக்குத் தனி டம்ளர்தான்"னு சொல்லிச்சு. எட்டு வயசு. அந்தத் தனி டம்ளரை அது எங்கே பார்த்துச்சு? வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்குக் கொல்லைப்புறத்திலே கவிழ்த்து வச்சிருக்கோமே, அங்கே பார்த்துச்சு. வாயாலே "எல்லாரையும் மதிக்கணும் கண்ணு"ன்னு சொல்லியிருப்போம். கண்ணு டம்ளரைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கு.

1971-இலே அமெரிக்காவிலே ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளிலே ஒரு சிக்கல். அதுவரைக்கும் தனித்தனியாப் படிச்ச வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பிலே சேர்ந்தப்போ ஒரே சண்டை. எலியட் ஆரன்சன்ங்கிற உளவியல் பேராசிரியரைக் கூப்பிட்டாங்க. அவர் உபதேசம் பண்ணலை. பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சார். பாடத்தையும் துண்டு துண்டாக்கி, ஆளுக்கு ஒரு துண்டு. முழுப் பாடமும் தெரியணும்னா மத்தவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டே ஆகணும். திக்கித் திக்கிப் பேசற பையனைக் கேலி பண்ணினா, நஷ்டம் கேலி பண்றவனுக்குத்தான். கொஞ்ச நாள்லே கேலி போய், அவனைப் பேச வைக்க நல்ல கேள்வி கேட்கக் கத்துக்கிட்டாங்க.

இது பள்ளிக்கூடம் செய்ததுதானேன்னு எதிரணியினர் சந்தோஷப்பட வேண்டாம். இதை வீட்டிலே செய்யறதுக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. மார்கழி மாசம் கோலம் போடறப்போ ஒரு பிள்ளை புள்ளி வைக்கட்டும், இன்னொண்ணு இழை இழுக்கட்டும். புள்ளி கோணினா இழை வராது. இழை வரலைன்னா புள்ளி வெறும் புள்ளி. "யாரு கோலம் நல்லாருக்கு?"ன்னு கேட்கவே முடியாது, ஏன்னா இருக்கிறதே ஒரு கோலம்தான்.

என் வீட்டையும் சொல்றேன்னு சொன்னேனே. என் பொண்ணு பேச்சுப் போட்டியிலே ஒரு கப் வாங்கிட்டு வந்தா. ஹாலிலே ஷோகேஸ்லே, நடு மத்தியிலே வச்சேன். வர்றவங்க போறவங்ககிட்டே எல்லாம் காட்டினேன். கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா, கப்புலே பேர் எழுதின பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கு. தூசி தட்டறப்போ திரும்பியிருக்கும்னு நேரா வச்சேன். மறுநாளும் திரும்பியிருக்கு. ஒரு வாரம் நானும் திருப்பித் திருப்பி வச்சேன். ஊரிலே இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் செலோடேப் கொடுத்து ஒட்ட வைக்கிற டீச்சருக்கு, தன் வீட்டிலே இருக்கிறது கண்ணுக்குத் தெரியலை.

ஒரு ஞாயித்துக்கிழமை பார்த்துட்டேன். என் பையன், ஸ்டூலைப் போட்டு ஏறி, சத்தமில்லாமத் திருப்பி வச்சுட்டு இறங்கறான். என்னைப் பார்த்ததும் அழுகை. "நான் உடைக்கலைம்மா, திருப்பித்தான் வச்சேன்." உடைக்கணும்னு தோணியிருக்கு. அக்காவோடதாச்சேன்னு உடைக்காமத் திருப்பி வச்சிருக்கான். அந்த ஏழு வயசுக்கு அதுவே எவ்வளவு பெரிய அடக்கம்! பொறாமையைப் பார்த்த நான், அந்த அடக்கத்தையும் பார்த்தேன். அதைத்தான் அவன்கிட்டே முதல்லே சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவன் மடியிலே வந்து உட்கார்ந்தான்.

அந்தக் கப்பை ஒளிச்சு வைக்கலை. ஜெயிச்சவ மனசும் நோகக் கூடாதில்லையா? என் பொண்ணுகிட்டேயே கேட்டேன், என்ன செய்யலாம்னு. அவ அதை ஷோகேஸ்லேருந்து எடுத்துப் படிக்கிற மேஜை மேலே வச்சு, பேனா பென்சில் எல்லாம் அதிலே போட்டுட்டா. இப்போ ரெண்டு பேரும் அதிலேருந்துதான் எடுக்கறாங்க. நேத்து ராத்திரிகூட அந்த மேஜையிலே சண்டை. கப்புக்காக இல்லை, கூரா இருக்கிற பென்சில் யாருக்குன்னு.

நடுவர் அவர்கள் மணி அடிச்சுட்டாங்க. பென்சில் சீவிக் கொடுக்க நான் வீட்டுக்குப் போகணும். (கைதட்டல்)